பூ சாட்சி சொல்லாத செடி

அன்புள்ள வாசக நண்பருக்கு,

கொலராடோவில் கன்னிசன் பக்கம் மலைநடை போனபோது எடுத்த படங்களை அனுப்பி, “மூன்றும் ராக்கிரெஸ் என்றுதான் நினைக்கிறேன். ஒரே இனமா, வேறு வேறா? வேறென்றால் எப்படிப் பிரிப்பது?” என்று கேட்டிருந்தீர்கள். மலைநடைக்குப் போகும் மற்ற வாசகர்களுக்கும் இது பயன்படும் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் நேரடி விடை. மூன்றும் கடுகுக் குடும்பத்துச் செடிகள். ஓரத்தில் தெரியும் தண்டிலைகளையும் இதழின் நிறத்தையும் பார்த்தால், மூன்றும் ராக்கிரெஸ் வகையில் பெக்கெரா என்ற பேரினத்தைச் சேர்ந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. நான் மட்டுமல்ல, வாழ்நாள் முழுக்க இந்தச் செடிகளோடு மல்லுக்கட்டியவர்களும் இந்தப் படங்களை வைத்து இனத்தின் பெயர் சொல்லத் துணிய மாட்டார்கள். காரணம் எளிது. மூன்று படத்திலும் பூ அழகாக விழுந்திருக்கிறது. பூவைத் தவிர வேறெதுவும் சரியாக விழவில்லை.

கடுகுக் குடும்பத்தில் பூ என்பது குடும்பப் பெயரைச் சொல்லும். ஆளின் பெயரைச் சொல்லாது. நான்கு இதழ்கள் சிலுவை போல நிற்கும். மகரந்தத்தாள் ஆறு, அதில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. வயலில் நிற்கும் கடுகிலும் பூத்துப்போன முள்ளங்கியிலும் நீங்கள் பார்ப்பது இதே அமைப்புதான். ராக்கிரெஸ்ஸில் இதழின் நிறம் வெள்ளையிலிருந்து வெளிர் ஊதா வரை ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். ஒரே செடியில் இன்று வெள்ளையாக விரிந்த பூ வாடும்போது ஊதா ஏறிப்போவதும் உண்டு. வட அமெரிக்கத் தாவரங்களைத் தொகுத்துச் சொல்லும் ‘ஃப்ளோரா ஆஃப் நார்த் அமெரிக்கா’ வரிசையின் 7-ஆம் தொகுதி 2010-இல் வெளிவந்தது. அதில் இஹ்சான் அல்-ஷெபாஸும் மைக்கேல் விண்டமும் பெக்கெரா பேரினத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மேற்கு அமெரிக்க மலைகளில் வளர்பவை. இத்தனைக்கும் பூ கிட்டத்தட்ட ஒரே அச்சு. ஆகவே பூவை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதற்கு முன் ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். நிற்பது பெக்கெராதானா? இலை சீப்புப் பல்லாகக் கிழிந்து, பூ மஞ்சளாக இருந்தால் டெஸ்குரேனியாவாக இருக்கலாம், பெக்கெரா இல்லை. காய் குட்டையாக, நீள்வட்டமாக இருந்தால் டிராபாவைச் சந்தேகிக்கலாம். பெரிய குழப்பம் டவர் மஸ்டர்ட் என்று அழைக்கப்படும் டுரிட்டிஸ் கிளாப்ராவிடம் வரும். அதுவும் நெட்டையாக வளரும். அதன் காயும் தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ராக்கிரெஸ்தான் என்று சத்தியம் செய்யலாம். இங்கே கண்ணைவிட விரல் நன்றாக உதவும். முற்றிய காயை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். டுரிட்டிஸின் காய் உருளையாக, கொஞ்சம் நாற்கோணமாக இருப்பதால் விரலில் உருளும். பெக்கெராவின் காய் தட்டை; உருட்ட முயன்றால் வழுக்கிப் புரளும். டுரிட்டிஸின் இதழிலும் வெளிர் மஞ்சள் சாயல் இருக்கும். பெக்கெராவில் வெள்ளையும் ஊதாவும்தான் வழக்கம்.

மஞ்சள் என்றதும் உங்கள் பகுதிக்கே உரிய ஓர் ஏமாற்றைச் சொல்லிவிட வேண்டும். வசந்தத்தில் அங்கே சில ராக்கிரெஸ் செடிகளின் உச்சியில் பளீரென்ற மஞ்சள் பூக்கள் கொத்தாகத் தெரியும். கிட்டப் போனால் இனிப்பான வாசனையும் பிசுபிசுப்பான இனிப்புத் திரவமும் இருக்கும்; ஈக்கள் மொய்க்கும். அது பூவே இல்லை. புக்சீனியா மோனோய்க்கா என்ற துருப்பூஞ்சை செடிக்குள் புகுந்து, அதன் வளர்ச்சியையே திருப்பிவிட்டு, இலைகளை உச்சியில் கொத்தாகக் குவித்து மஞ்சளாக்கி வைத்திருக்கிறது. பூஞ்சையின் பாலணுக்களை ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து போக ஆள் தேவை. அந்த வேலைக்குப் பூச்சிகளைப் பொய்ப்பூ காட்டி அழைக்கிறது. கொலராடோவில் இதை ஆராய்ந்த பார்பரா ராய் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அந்தப் பொய்ப்பூ அக்கம்பக்கத்தில் பூக்கும் பட்டர்கப் பூவை ஒத்திருப்பதால் பூச்சிகள் ஏமாறுகின்றன என்பது அவர் கண்டது. பூஞ்சை பிடித்த செடி பெரும்பாலும் உண்மையான பூ வைக்காது. அதன் உருவமும் மாறிப்போயிருக்கும். ஆகவே அப்படிப்பட்ட செடியை வைத்து இனம் பிரிக்க உட்காராதீர்கள். படம் எடுத்துக்கொண்டு பக்கத்துச் செடிக்கு நகருங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ராக்கிரெஸ்ஸில் இனம் பிரிக்கும் வேலையில் முக்கால் பங்கை இரண்டு உறுப்புகள் செய்துவிடும். ஒன்று, முற்றிய காயும் அது தொங்கும் கோணமும். மற்றது, தரையோடு ஒட்டிக்கிடக்கும் அடியிலைகளின் சுணை, அதாவது நுண்மயிர். ஒன்று செடியின் தலைமாட்டில், மற்றது கால்மாட்டில். நடுவில் பூவைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இரண்டும் கண்ணில் படாது.

உங்கள் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு இனங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று பெக்கெரா ஸ்டிரிக்டா. டிரம்மண்ட் ராக்கிரெஸ் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். இன்னொன்று பெக்கெரா ரெட்ரோஃப்ராக்டா. காய் முற்றிய காலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் குழந்தைகூடப் பிரித்துவிடும். ஸ்டிரிக்டாவின் காய்கள் மேல்நோக்கி நிமிர்ந்து, தண்டோடு ஒட்டினாற்போல் நிற்கும். ரெட்ரோஃப்ராக்டாவின் காய்க்காம்பு புறப்படும் இடத்திலேயே சட்டென்று மடங்கி, காய்கள் தலைகீழாகத் தண்டை ஒட்டித் தொங்கும். ஒரு காயைப் பிளந்து பாருங்கள். நடுவில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். விதைகள் அதை ஒட்டி அடுக்கியிருக்கும். ஸ்டிரிக்டாவின் காய் சற்று அகலம். ஒவ்வோர் அறையிலும் விதைகள் இரண்டு வரிசை. ரெட்ரோஃப்ராக்டாவின் காய் ஒல்லி. விதைகள் ஒற்றை வரிசை.

காயின் கோணத்தைப் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. முதலாவது, இளங்காயை நம்பாதீர்கள். பூவாக இருக்கும்போது ஒரு கோணம், பிஞ்சில் ஒரு கோணம், முற்றியபின் ஒரு கோணம் என்று காம்பு நகர்ந்துகொண்டே இருக்கும். தாவர நூல்கள் சொல்வது முற்றிய காயின் கோணத்தை. இரண்டாவது, செடியைத் தாளுக்கிடையே வைத்து அழுத்தினால் கோணம் கெட்டுவிடும். பக்கவாட்டில் நீண்ட காய் அழுத்தத்தில் மேலேயோ கீழேயோ சாய்ந்துவிடும். எனவே செடி நிற்கும்போதே, “காய் நிமிர்ந்து, தண்டை ஒட்டி” என்றோ “கிடைமட்டமாக” என்றோ “காம்பு அடியில் மடங்கி, காய் தொங்கி” என்றோ ஒரு வரி குறித்துக்கொள்ள வேண்டும். காம்பு அடியில் சட்டென மடங்குகிறதா, வளைந்து மெல்ல இறங்குகிறதா என்பதையும் குறியுங்கள். தொங்கும் காய் உள்ள இனங்கள் பல. அவற்றைப் பிரிப்பதற்கு இந்த வளைவு உதவும்.

அடுத்தது சுணை. இதற்குக் கைலென்ஸ் கட்டாயம். பத்து மடங்கு பெரிதாக்குவது போதும் என்பார்கள். இருபது மடங்கு இருந்தால் நிம்மதி. குனிந்து உட்காருங்கள், தரையோடு ஒட்டியிருக்கும் அடியிலை ஒன்றை வெளிச்சத்துக்குச் சாய்த்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, இலையை லென்ஸுக்கு அருகே கொண்டு வாருங்கள். ஸ்டிரிக்டாவின் அடியிலையில் சுணை இரண்டே கிளையாக இருக்கும். நடுப்புள்ளியில் மட்டும் இலையோடு ஒட்டிக்கொண்டு, இரு முனையும் எதிரெதிர்த் திசையில் கூராக நீண்டு, இலைப்பரப்போடு படிந்து கிடக்கும். காம்பே இல்லை என்பதால் நிமிர்ந்து நிற்காது. விரலால் தடவினால் இலை வழவழப்பாகத்தான் தோன்றும். லென்ஸ் இல்லாதவர் இந்த இலையில் சுணையே இல்லை என்று எழுதிவிடுவார். ரெட்ரோஃப்ராக்டாவில் கதை வேறு. சின்னஞ்சிறு காம்பின் உச்சியிலிருந்து நான்கு, ஐந்து, எட்டு எனப் பல கிளைகள் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நெருக்கமாகப் பரவியிருப்பதால் இலையே சாம்பல் பூசினாற்போல் தெரியும்.

இந்த இரு கோடிகளுக்கு நடுவில்தான் மற்ற இனங்கள் வந்து உட்கார்கின்றன. கிளையில்லாத ஒற்றைச் சுணை உள்ளவை உண்டு. இரண்டும் மூன்றும் கலந்தவை உண்டு. இலைவிளிம்பில் மட்டும் நீண்ட ஒற்றைச் சுணை வைத்து, பரப்பில் கிளைச்சுணை வைப்பவையும் உண்டு. ஆகவே மூன்று இடங்களில் பார்த்து எழுதுவது நல்லது: அடியிலையின் பரப்பு, அதன் விளிம்பு, தண்டின் அடிப்பகுதி. பிறகு காய்க்காம்பில் சுணை உண்டா, தண்டிலையின் அடியில் காதுமடல் போன்ற நீட்சி தண்டைத் தழுவுகிறதா, தண்டு அடியிலைக் கொத்தின் நடுவிலிருந்து எழுகிறதா அல்லது பக்கவாட்டிலிருந்தா என்று பாருங்கள். இனம் பிரிக்கும் பட்டியலில் இவை அடுத்தடுத்து வரும் கேள்விகள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அடியிலை பசுமையாக இருக்கும்போது செடி பூவில் இருக்கும். காய் முற்றும்போது அடியிலை காய்ந்து சுருண்டுவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது கடினம். ஆனால் ராக்கிரெஸ்ஸின் பூங்கொத்து கீழிருந்து மேலாக முதிர்வது. உச்சியில் கடைசிப் பூக்கள் இருக்கும்போதே கீழே காய்கள் முற்றத் தொடங்கியிருக்கும் ஒரு சிறு இடைவெளி கிடைக்கும். அந்த நேரத்தில் போக முடிந்தால் ஒரே செடியில் எல்லாம் கிடைத்துவிடும். தவறவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அடியிலை காய்ந்தாலும் சுணை உதிராது. ஹெர்பேரியம் என்ற உலர்தாவரச் சேகரிப்பில் உள்ள நூறு வருடப் பழைய தாளில்கூடச் சுணையின் கிளைகளை எண்ண முடிகிறது. காய்ந்த இலையைத் தரையில் தேடி எடுத்து லென்ஸில் பாருங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகும் சில செடிகள் கைக்குள் அடங்காது. காய் நிமிரவும் இல்லை, தொங்கவும் இல்லை. பக்கவாட்டில் விரிந்து நிற்கிறது. சுணையில் பாதி இரண்டு கிளை, பாதி மூன்று நான்கு கிளை. “நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது” என்று தோன்றும். அப்படி நினைக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது சரியே. அந்தச் செடிதான் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ராக்கிரெஸ்ஸின் உண்மையான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான கடிதமே.

ஸ்டிரிக்டா பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே விதை வைத்துக்கொள்ளும் செடி. எப்போதாவது ஒரு பூச்சி பக்கத்து ரெட்ரோஃப்ராக்டாவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கலப்புச் செடி ஒன்று பிறக்கும். மற்ற பல செடிகளில் இத்தகைய கலப்பு மலடாகி ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும். பெக்கெராவில் அப்படி முடிவதில்லை. பல கலப்புகள் அபோமிக்சிஸ் என்ற வழியைப் பிடித்துக்கொள்கின்றன. தாய்ச்செடியின் கருவணு குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளாமலே உருவாகி, தந்தையின் பங்கு இல்லாமலே கருவாக வளர்கிறது. விதைக்குள் கருவூண் திசு வளர்வதற்குப் பெரும்பாலும் மகரந்தம் தேவைப்படும், கருவுக்குத் தேவையில்லை. வாழைக்கன்று தாய்வாழையின் நகலாக வருவது போல, இங்கே விதையே நகலாக வருகிறது. எப்போதோ நடந்த ஒரே ஒரு கலப்பு, ஆயிரம் விதைகளாகப் பெருகி ஒரு மலைச்சரிவையே பிடித்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருப்பதால் “இதுவும் ஓர் இனம்” என்றே தோன்றும்.

பெக்கெராவின் அடிப்படைக் குரோமோசோம் எண் 7. பால்வழியில் பெருகும் இனங்களுக்கு 14 இருக்கும். கலப்புகளில் பல 21 வைத்திருக்கும், மூன்று தொகுதிகள். சிலவற்றில் அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இனங்களிலிருந்து வந்தவை. இதைவிட வியப்பு, 14 குரோமோசோம் மட்டுமே உள்ள செடிகளிலும் அபோமிக்சிஸ் நடப்பது. மற்ற தாவரங்களில் அபோமிக்சிஸ் பெரும்பாலும் குரோமோசோம் தொகுதி பெருகிய செடிகளிலேயே காணப்படும். அதனால்தான் பயிர் விஞ்ஞானிகளுக்கும் இந்தச் செடியின் மேல் ஒரு கண். கலப்பின விதையை வருடா வருடம் புதிதாக உற்பத்தி செய்யாமல் நகலெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இது துப்புக் கொடுக்கும் என்ற நம்பிக்கை.

இந்த விசித்திரத்தை முதலில் கண்டறிந்தவர் டேனிஷ் தாவரவியலர் டைஹ பெக்கர். கிரீன்லாந்துச் செடிகளை ஆராய்ந்தபோது, 1951-இல் இதில் அபோமிக்சிஸ் இருப்பதை விவரித்தார். அப்போது இந்தச் செடிகள் எல்லாம் லின்னேயஸ் 1753-இல் வைத்த அராபிஸ் என்ற பேரினத்துக்குள் இருந்தன. ஹார்வர்டின் ரீட் ராலின்ஸ் 1941-இல் மேற்கு அமெரிக்க அராபிஸ்களை ஒழுங்குபடுத்தினார். 1993-இல் வட அமெரிக்கக் கடுகுக் குடும்பம் முழுவதற்கும் பெரிய நூல் எழுதினார். அவர் கணக்கில் அராபிஸ் ஹோல்பெல்லி என்பது மேற்கு அமெரிக்கா முழுக்கப் பரவிய ஒரே பெரிய இனம். 1970-களின் நடுவில், அதற்குமுன் போல்டரில் பணியாற்றிய ஆஸ்கெல் லெவும் டோரிஸ் லெவும் இவற்றைப் பிரித்து, பெக்கரின் நினைவாகப் பெக்கெரா என்று பெயரிட்டனர். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு, பெக்கெரா அராபிஸைவிட அராபிடாப்சிஸ் என்ற பேரினத்துக்கே நெருக்கம் என்று தெரிந்தது. அராபிஸின் அடிப்படை எண் 8, இதற்கு 7 என்பதும் பொருந்தியது. 2003-இல் அல்-ஷெபாஸ் வட அமெரிக்க இனங்களில் பெரும்பாலானவற்றைப் பெக்கெராவுக்கு மாற்றினார். ராலின்ஸின் ‘ஹோல்பெல்லி’ பல துண்டுகளாக உடைந்தது. இன்று அந்தப் பெயர் கிரீன்லாந்துச் செடிகளுக்குத்தான். கிழக்கு அமெரிக்க இனங்கள் 2013-இல் மேலும் பிரிந்து போரோடினியா என்ற பேரினத்துக்குப் போயின. ஆகவே பழைய கையேட்டில் ‘அராபிஸ் ஹோல்பெல்லி’ என்று பார்த்தால் அது தவறு என்று எறிந்துவிடாதீர்கள். இன்றைய எந்தத் துண்டைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

நடுவில் நிற்கும் செடி கலப்புதானா என்று உறுதிசெய்ய ஒரு வழி மகரந்தம். பால்வழியில் பெருகும் இனங்களின் மகரந்தத்தூள் ஒடுக்கமான நீள்வட்டம்; அபோமிக்சிஸ் வழிச் செடிகளில் அது பெரிதாகி உருண்டையாகிவிடும். ஆனால் இதற்குக் கைலென்ஸ் போதாது, நுண்ணோக்கி வேண்டும். பெற்றோர் யார் யார் என்று தெரிய மரபணுச் சோதனைதான் வழி. ஹெர்பேரியங்களில் உள்ள ஆயிரக்கணக்கான மாதிரிகளை அப்படிச் சோதித்து முடிவுகளை 2017-இல் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அதில் தெரியவந்த கலப்புச் சேர்க்கைகளின் எண்ணிக்கை, பெயரிட்ட இனங்களின் எண்ணிக்கையை எங்கோ விட்டுவிட்டுப் போய்விட்டது.

மலைப்பாதையில் நிற்கும் நமக்கு நுண்ணோக்கியும் இல்லை, மரபணுக் கூடமும் இல்லை. அதனால் ஒரு நடைமுறை யோசனை. நடுவில் நிற்கும் செடியைக் கண்டால், சுற்றிலும் இருபது முப்பது அடி நடந்து, காய் நிமிர்ந்த செடியும் காய் தொங்கும் செடியும் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் “இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, கலப்பாகலாம்” என்று எழுதுங்கள். பெற்றோர் அருகில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. விதையால் நகலெடுக்கும் செடி பெற்றோரை விட்டுவிட்டு வெகுதூரம் போயிருக்கலாம். அவை இல்லாவிட்டால் “பெக்கெரா, இடைப்பட்ட உருவம்” என்று நிறுத்துங்கள். உச்சியை மான் கடித்துப்போன செடி, நிழலில் இழுத்து வளர்ந்த செடி ஆகியவையும் உருவத்தில் விலகி நிற்கும். ஆகவே ஒரே ஒரு செடியை வைத்துக் கலப்பு என்று முடிவு கட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் ஐந்தாறு செடிகளைப் பாருங்கள்.

“இவ்வளவு பாடுபட்டு ஒரு களைச்செடிக்குப் பெயர் எதற்கு?” என்று உங்கள் வீட்டில் கேட்கலாம். உங்கள் ஊருக்கு அருகிலேயே பதில் இருக்கிறது. கிரெஸ்டட் பியூட்டைத் தாண்டிப் போனால் கோதிக் என்ற இடத்தில் ராக்கி மலை உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. 1928 முதல் இயங்குகிறது. அங்கே டேவிட் இனோய் 1973-இல் தொடங்கிய பதிவு, எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்பதை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது. ஸ்டிரிக்டாவும் அதில் உண்டு. பனி முன்கூட்டியே உருகுவதோடு சேர்ந்து அதன் பூக்கும் காலமும் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. இத்தகைய பதிவில் ஒரு வருடம் ஸ்டிரிக்டாவையும் அடுத்த வருடம் அதன் கலப்பையும் எண்ணியிருந்தால், பருவநிலை மாறியதா, எண்ணப்பட்ட செடி மாறியதா என்றே தெரியாமல் போயிருக்கும்.

கிழக்கே வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைகளில் இன்னொரு சாட்சி. வெயில் கொளுத்தும் ஷேல் பாறைச் சரிவுகளில் மட்டும் வளரும் ஒரு ராக்கிரெஸ் உண்டு. 1911-இல் அராபிஸ் செரோட்டினா என்று விவரிக்கப்பட்டது. அதே பகுதியில் வளரும் லெவிகாட்டா என்ற சாதாரண இனத்தோடு அதை நெடுங்காலம் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1980-களில் கவனமாகப் பார்த்தபோது வேறுபாடு தெளிந்தது. லெவிகாட்டா வசந்தத்தில் பூக்கிறது. கோடையில் அது காயோடு நிற்கும்போதுதான் செரோட்டினா பூக்கவே ஆரம்பிக்கிறது. 1989-இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. சாதாரணச் செடி என்று அலட்சியமாக எழுதப்பட்ட பெயர் அப்படியே நின்றிருந்தால், பாதுகாக்க ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கிடைப்பது அராபிடாப்சிஸ் கூட்டம். ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளையான தாலியானா ஓராண்டுச் செடி; 10 குரோமோசோம். அதன் உறவினர்களான லைராட்டாவும் ஹாலெரியும் பல்லாண்டுச் செடிகள், 16 குரோமோசோம். இவ்விரண்டையும் பிரிக்கவும் பூவை நம்ப வேண்டாம், தரையைப் பாருங்கள். ஹாலெரி ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் புதிய இலைக்கொத்துகளை வைக்கும். லைராட்டா அப்படிச் செய்யாது. துத்தநாகம் படிந்த பழைய சுரங்க மண்ணில் செழித்து நிற்பதும் ஹாலெரிதான். தன் இலையின் உலர் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல்கூடத் துத்தநாகத்தைச் சேர்த்துக்கொள்ளும். கலப்பு இங்கேயும் உண்டு. லைராட்டாவும் ஹாலெரியும் சேர்ந்து உருவான கம்சாட்டிக்கா ஜப்பானில் வளர்கிறது. தாலியானாவும் அரினோசாவும் சேர்ந்த சுவேசிக்கா சுவீடனிலும் பின்லாந்திலும் வளர்கிறது. ஆனால் இவை குரோமோசோமை இரட்டிப்பாக்கிக்கொண்டு, பால்வழியிலேயே விதை வைத்து, நிலையான இனங்களாகிவிட்டன. அதனால் அவற்றுக்குப் பெயர் சொல்வது பெக்கெராவைவிட எளிது.

முடிக்குமுன் சில நடைமுறைக் குறிப்புகள். படம் எடுப்பதானால் ஒவ்வொரு செடிக்கும் ஐந்து: முழுச்செடி, அடியிலைக் கொத்து, லென்ஸ் வழியாக அடியிலைச் சுணை, தண்டிலையின் அடிப்பகுதி, முற்றிய காய் காம்போடு. பூவின் படம் ஆறாவதாக, ஆசைக்கு. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். செடியைப் பிடுங்காதீர்கள். பொது நிலங்களிலும் பூங்காக்களிலும் மாதிரி எடுப்பதற்கு அனுமதி வேண்டும். தனியார் நிலமென்றால் உரிமையாளரைக் கேட்க வேண்டும். கொலராடோவுக்கு ஜெனிஃபர் ஆக்கர்ஃபீல்டு 2015-இல் வெளியிட்ட ‘ஃப்ளோரா ஆஃப் கொலராடோ’ கையில் இருந்தால் நல்லது. சந்தேகத்துக்குப் போல்டரில் கொலராடோ பல்கலைக்கழக ஹெர்பேரியமும், டென்வர் தாவரத் தோட்டத்தின் ஹெர்பேரியமும் இருக்கின்றன. அங்கே பெயர் உறுதியான மாதிரிகளைப் பார்த்துச் சுணையைப் பழகிக்கொண்டால், அடுத்த பருவத்தில் மலையில் கண் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பதிவு போடும்போது எந்தச் செயலி என்ன பெயர் பரிந்துரைத்தாலும், காயும் சுணையும் பார்க்காமல் இனப்பெயரை ஏற்காதீர்கள். பேரினத்தோடு நிறுத்துவது அறியாமை ஆகாது. “பெக்கெரா, காய் கிடைமட்டம், அடியிலைச் சுணை 2 முதல் 4 கிளை” என்ற ஒரு வரிப் பதிவு, தவறாக எழுதிய அழகான லத்தீன் பெயரைவிடப் பல மடங்கு பயனுள்ளது. பின்னால் வருபவர் அதைச் சரிபார்க்க முடியும். தவறான பெயரைச் சரிபார்க்க முடியாது. பார்த்ததை எழுதுங்கள், பெயர் பிறகு வரட்டும்.

அன்புடன்.